நேரம் மட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் சுகம் என்று எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இதை வாசித்த கையோடு இரண்டு வரி எழுதிப் போடு.

விஷயம் இதுதான். நம் கம்பெனியின் மெயில் பெட்டிகளை எல்லாம் கீழ்த்தளத்து சர்வரிலிருந்து எடுத்து கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆயிரத்து நானூறு பெட்டிகள். ஒரே நாளில் ஆகாது, பிரிவு பிரிவாகத்தான் போகிறது. கம்ப்யூட்டர் பிரிவு என்பதால் எங்கள் பெட்டிகள் முதலில் போய்விட்டன. லிஃப்ட் பரிசோதகர்களான உங்களுடையவை இன்னும் பழைய சர்வரில்தான் இருக்கின்றன. அங்கே போனவனுக்கு இங்கே இருப்பவரின் காலண்டர் தெரியவில்லை. உன் பெயரைத் தட்டினால் வழக்கமான நீலக் கட்டங்களைக் காணோம். சாய்வுக் கோடுகள் வருகின்றன. பக்கத்தில் 'தகவல் இல்லை' என்று ஒரு வரி.

மற்றவர்களுக்கு இது மீட்டிங் வைக்க முடியாத தொல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்படியா? மாமாவோடு வாழ்ந்த வீட்டை விட்டு நீ கிளம்பிய அன்று நாம் பேசி வைத்த வழி இது ஒன்றுதானே. போன் வேண்டாம், என் போனுக்குள் அவர் என்னவெல்லாம் போட்டு வைத்தாரோ தெரியாது என்றாய். குடும்ப விஷயம் ஒரு வரிகூட ஆபீஸ் மெயிலில் கூடாது என்றாய். தினமும் காலை ஒன்பது மணிக்குள் அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் வேலை என்று காலண்டரில் எழுதுகிறேன், தேதி முடிவான வேலைகளை முன்கூட்டியே குறித்து வைக்கிறேன், இடத்தைப் பார்க்கும் அனுமதி உனக்கு மட்டும்தான் என்றாய். கட்டம் இருந்தால் அக்கா இருக்கிறாள். ஐந்து மாதமாக அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் நான் டீயே குடிக்கிறேன்.

மாமா இங்கே அதே மூன்றாம் மாடியில், உதிரிபாகப் பிரிவில்தான் இருக்கிறார். பதினோரு கிளைகளில் நீ எதில் இருக்கிறாய் என்று உங்கள் பிரிவுத் தலைவி அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன தடவை மாதிரி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இதையும் உன் ஊர்க் கண்ணாடிக் கடை அக்கா மூலமாகவே அனுப்புகிறேன். ஒரே ஊருக்குள் ஒரு கடிதம் கை மாற ஏன் இத்தனை நாள் ஆகிறது? ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்கு உன் வீட்டு வாசல் தெரியவில்லையா என்று கேள்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி

ஜனவரி 19

என் பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு,

அக்கா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முதலில் போய்ச் சாப்பிடு, பிறகு மேலே படி.

சாப்பிட்டாயா? சரி. காலண்டரில் நான் தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் சர்வர் காட்டவில்லை என்றால் அது உன் சர்வரின் வியாதி, என்னுடையது அல்ல. அலமாரிக் கதவில் வைத்து அவர் நசுக்கிய இரண்டு விரல்களும் இப்போது பாதிவரை மடங்குகின்றன. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இரு என்றார். பஸ்ஸில் அமுக்கினால் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருகிறார். அதுவும் ஒரு வசதிதான்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. லிஃப்டின் தலைக்கு மேல் ஏறி நின்று வேலை பார்ப்பவள் இதைச் சொல்லலாம். நேற்று ஒரு கட்டடத்துச் செயலாளர், "கயிறு புதுசு போட்டாச்சு, அப்புறம் எதுக்கும்மா அடியில இருக்கிற பிடியையும் பாக்கணும்?" என்று கேட்டார். கயிறு போனாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது, பல வருஷம் அதற்கு வேலையே வராது, வருகிற அன்று அது இருக்க வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒன்று கேட்கிறேன். அவர் என்னைப் பற்றி உன்னிடம் கேட்கிறாரா? கேட்டால் நீ என்ன சொல்கிறாய்? வார்த்தைக்கு வார்த்தை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஜலதோஷம் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பந்தை விடாதே.

வார்த்தைக்கு வார்த்தை கேட்டாய். "அக்கா சௌக்கியமா மச்சான்?" என்பார். "எனக்குத் தெரியாது மாமா" என்பேன். சிரிப்பார். அவ்வளவுதான். இப்போது தினமும் என் மேஜைக்கே வந்துவிடுகிறார், ஏனென்றால் உதிரிபாகப் பிரிவையும் மாற்றிவிட்டோம். "யாரு எப்ப ஃப்ரீன்னே தெரியலையே மச்சான், பரிசோதகருங்களோட ஒரு மீட்டிங் வைக்க முடியுதா?" என்கிறார். குரலில் சர்க்கரை கொட்டுகிறது. மற்றவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள். திட்டாதவர் இவர் ஒருவர்தான்.

கோளாறு இன்னும் பிடிபடவில்லை. கிளவுட் பழைய சர்வரிடம் கேட்கிறது: 'இந்த ஆள் இந்த நேரத்தில் ஃப்ரீயா?' கேள்வி போவதைப் பார்க்கிறேன். பதில் வருவதைப் பார்க்கவில்லை. கடிகாரம் சரியா என்று பார்த்தேன், சான்றிதழ் காலாவதியா என்று பார்த்தேன், கடவுச்சொல்லைக்கூட மாற்றினேன். சோதித்துப் பார்க்க மாறிய பெட்டி ஒன்றும் மாறாத பெட்டி ஒன்றும் வேண்டும் அல்லவா? என்னுடையதையும் உன்னுடையதையும்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் நூறு தடவை உன் பெயரைத் தட்டுகிறேன். நூறு தடவையும் சாய்வுக் கோடு.

திங்கட்கிழமை ஆறு கிளைத் தலைவர்கள் ஒரு காலி அறையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் வேறு நாளாம். எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் தரேன். முடியலைன்னா சொல்லிடு, முடியறவனைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

வேலை போய்விட்டால் இன்னொரு வேலை தேடிக்கொள்வேன். ஆனால் வேலை போனால் உன் காலண்டரும் போய்விடும்.

தம்பி

பிப்ரவரி 7

அக்கா!

நலம், நலம், நலம்! உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. திரையில் தெரிந்துவிட்டாய்!

என்ன கோளாறு தெரியுமா? பழைய சர்வரின் வாசல் என்று கிளவுடில் யாரோ எழுதி வைத்திருந்த விலாசம், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களே தூக்கிப்போட்ட ஒரு மெஷினுடையது. ஒரு மாதமாக எல்லாக் கேள்வியும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. விலாசத்தை மாற்றினேன், வந்துவிட்டது.

ஆனால் முதலில் வெறும் கட்டங்கள்தான் வந்தன, எழுத்து இல்லை. நீதானா, பழைய கட்டத்தையே காட்டி ஏமாற்றுகிறதா என்று சந்தேகம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு காட்டலாம் என்று படிகள் இருக்கின்றன: முதல் படியில் நேரம் மட்டும், இரண்டாம் படியில் நேரமும் தலைப்பும் இடமும். பத்து நிமிஷத்துக்கு இரண்டாம் படிக்கு ஏற்றிப் பார்த்தேன். 'காலை பத்து, கண் ஆஸ்பத்திரி, லிஃப்ட் பரிசோதனை' என்று ஊர்ப் பெயரோடு நீ! ஐந்து மாதமாகப் பார்த்த அதே மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேஜைக்கு அடியில் பென்சிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்குள் தலைவர் மேலே கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கை குலுக்கினார். கேக் வெட்டினார்கள். மாமாகூட வந்து தோளைத் தட்டி, "கெட்டிக்காரன் மச்சான் நீ" என்றார்.

இன்று ராஜா மாதிரி சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

தம்பி

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

சுகம். மழைக்குளிரில் விரல் கொஞ்சம் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்னைக் கை குலுக்கிப் பாராட்டினார்கள் என்பதை மட்டும் நாலு தடவை.

ஒரு சந்தேகம். எனக்கு உன் அளவுக்குத் தெரியாது, தப்பாக இருந்தால் சிரித்துவிடு. இரண்டாம் படிக்கு ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? பத்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். இறக்கினேன் என்று எழுதவில்லை.

பதற்றப்படாதே. பார்த்துவிட்டு எழுது.

அக்கா

பிப்ரவரி 25, கூரியர் மூலம்

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே நலம்.

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. கேட்டிருந்ததற்கு விவரமாகப் பிறகு எழுதுகிறேன். கொஞ்ச நாளைக்குக் காலண்டரில் இடம் எழுத வேண்டாம். பராமரிப்பு வேலை நடக்கிறது, வேறொன்றுமில்லை.

இந்த வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரி வேலைக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்ல முடியுமா? முடிந்தால் அந்த வாரமே லீவு போடு.

உனக்கு மெயிலும் போட்டேன். திட்டாதே. ஆனால் உங்கள் பிரிவை மாற்றும் முறை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. உன் பெட்டி பூட்டியிருக்கிறது, மெயில் வெளியே வரிசையில் நிற்கிறது. கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தால் மணி மட்டும் அடிக்கிறது. உங்கள் ஊர்க் கிளைக்கும் செய்தேன். "லேடி இன்ஸ்பெக்டரா? அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார்கள். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் தலைவி அம்மா வெளியூரில் இருக்கிறாராம், சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமா நாளையிலிருந்து மூன்று நாள் லீவு.

தம்பி

பிப்ரவரி 28

அக்கா,

நீ இதைப் படிப்பாயா என்றுகூட எனக்குத் தெரியாது. சுகமா என்று கேட்கக் கூசுகிறது.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். இரண்டாம் படி எல்லாருக்கும்தான். நான் இறக்கவில்லை. கேக் வெட்டப் போனேன், திரும்பி வந்து உன் கட்டத்தைப் பார்த்தேன், இடம் தெரிந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். எனக்கு எப்போதும் தெரிகிற இடம்தானே, அதனால் எனக்கு வித்தியாசமே படவில்லை. பத்தொன்பது நாள். கம்பெனி முழுவதும் உன் பெயரைத் தட்டியவனுக்கெல்லாம் நீ எங்கே என்று தெரிந்திருக்கிறது. உன் கேள்வியைப் படித்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலை ஓடிப்போய் இறக்கினேன்.

பதினோரு மணிக்கு டீ எடுக்கப் போனேன். மாமா எனக்கு முன்னால் கப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்க அக்கா கண் ஆஸ்பத்திரியில இருப்பா போல."

அவர் கையைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். உன்னுடைய நாலு வாரம், பிரிண்ட் எடுத்தது, ஊர்ப் பெயருக்கு அடிக்கோடு போட்டது. "நல்ல வேலை பண்ணியிருக்க மச்சான்" என்றார். தாளை அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த அசட்டுக் கடிதத்தை எழுதினேன். பராமரிப்பாம்! உண்மையை எழுதினால் நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயம். அந்த நேரத்திலும் எனக்கு என் பயம்தான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பஸ் பிடித்தேன். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். மருந்து ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ வந்தால் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது, அதுதான் திட்டம். ஒன்பதே முக்காலுக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. வலது கை பேன்ட் பைக்குள். அந்தக் கை வெளியே வரவே இல்லை அக்கா. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னை அவர் பார்க்கவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் மரியாதையாகக் கேட்டார், "லிஃப்ட் எந்தப் பக்கம்?"

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லிஃப்டா? ஒரே தளம் சார் இது. மேல மொட்டை மாடிதான்."

நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன்னையும் நம்பலையா மச்சான்?" என்றார்.

போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து டோக்கன் நம்பர் என்ன என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ எங்கே இருக்கிறாய் அக்கா? உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

தம்பி

மார்ச் 10

என் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் மெயில் சனிக்கிழமையும் கடிதங்கள் இரண்டும் அதற்குப் பிறகும் வந்தன. நான் அந்த ஊரில் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கண்ணாடிக் கடை அக்கா என் பள்ளிக்கூடத் தோழி. உன் கடிதத்தை வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்புவாள். அதனால்தான் தாமதம். அவளைக் கிண்டல் செய்தாயே, பாவம், அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அந்த வாரம் கடையையே பூட்டியிருந்தாள்.

காலண்டரில் நேரம் எல்லாம் உண்மை. இடம் எல்லாம் பொய். தோழி பேச்சுவாக்கில் சொன்ன கட்டடங்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். கண் ஆஸ்பத்திரி என்றால் நாலு மாடியாவது இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் லிஃப்ட் பார்த்தவள் செய்கிற காரியமா? படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கை பைக்குள் இருந்தது என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

உனக்கு ஏன் பொய் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். போன தடவை நான் இன்னொரு தோழி வீட்டில் ஒளிந்திருந்தபோது, "அக்கா பத்திரமா இருக்கா, கவலைப்படாதீங்க மாமா, இங்க பக்கத்துலதான்" என்று நீதான் சொன்னாய். அவர் அழுதார், உனக்கு மனசு இளகியது. மறுநாள் என் விரல்கள். அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது, ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் உன்னிடம் இல்லாததை உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கயிற்றை மட்டும் நம்பி நான் லிஃப்டில் ஏறுவதில்லை, தம்பி.

உன் முகத்தைப் பார்த்து அவர் நம்பியதுதான் என்னைக் காப்பாற்றியது. உனக்கு உண்மை தெரிந்திருந்தால் அந்தப் பெஞ்சிலேயே உன் முகம் அவருக்கு வழி சொல்லியிருக்கும்.

எங்கள் தலைவி அம்மா அந்தத் தாளைப் பற்றி மேலிடத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நீ சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். படியை இறக்க மறந்ததும் வெளியே வரும். சொல்வாயா?

இனி காலண்டரில் பொய்யான இடம் எழுதமாட்டேன். உண்மையான இடமும் எழுதமாட்டேன். ஒன்பது மணிக்கு ஒரு கட்டம் இருக்கும். அவ்வளவுதான் உனக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே.

நேற்று விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் என்று ஏற்றியதை, இறக்காததை, தாளை, பெஞ்சை. மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நிறுத்தவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அது வரட்டும்.

அவர் இனி மூன்றாம் மாடியில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. முன்பு தெரிந்திருந்தது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

நீ எனக்குக் கொடுத்திருந்த அனுமதியை நானே நீக்கிவிட்டேன். எல்லாரையும் போல முதல் படியில்தான் பார்க்கிறேன், நேரம் மட்டும். இன்று ஒன்பது மணிக்குப் பார்த்தேன், கட்டம் இல்லை. ஒன்பது ஐந்துக்கு இல்லை. ஒன்பது ஏழுக்கு வந்தது. பஸ் தாமதமாக இருக்கும். அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் விரல் எப்படி இருக்கிறது? பந்து அமுக்குகிறாயா? அங்கே இன்னும் மழைதானா?

வேண்டாம். மழையைப் பற்றி எழுதாதே. விரலை மட்டும் எழுது.

தம்பி